நான் தேய்த்த சிவப்புக் கோடு

என் அக்கா பெற்ற சிங்கத்துக்கு, உன் மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதினால் பேனாவே சிரிக்கும். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். ஐயா, நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்துப் பிழையை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் படியுங்கள்.

உன் அம்மாவுக்கு இப்போது என் சமையல்தான். நான் அடுப்பு பற்றவைத்தால் பக்கத்துத் தெருக்காரர்கள் தட்டோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். அவள் மட்டும் இரண்டு வாய்க்கு மேல் தொடுவதில்லை. உன் போர்வையை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். வாசலில் லாரிச் சத்தம் கேட்டால், "இது அவன் வண்டி இல்லை" என்று நான் கேட்காமலே சொல்கிறாள்.

தொழிற்சாலையில் என் மவுசு குறையவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனிங்கில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் இந்தக் கை பார்த்திருக்கிறது. நூலும் கம்பியும் சேர்த்து நெய்த பழைய வகை, அச்சில் அழுத்திச் செய்யும் இன்றைய வகை, இரும்பு நார் கலந்தது, கண்ணாடி நார் கலந்தது. நார், பிசின் தூள், முந்திரி ஓட்டுத் தூள், கிராஃபைட் எல்லாவற்றையும் நான் கலந்தால் தராசு தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பொறியாளர்கள் மூன்று பேர் என் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மருமகனே, அந்தப் பொறியாளர்கள் வரவில்லை. தராசும் தேவைதான். இந்த ஒரு கடிதத்தில் பொய் வேண்டாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

இனி நடந்ததை எழுதுகிறேன். உன் வண்டிக்கு லைனிங் தேய்ந்துவிட்டது என்று நீ சொன்ன அன்று, "மாமன் இருக்கும்போது நீ கடைக்குப் போனால் ஊர் சிரிக்கும், நானே பொறுக்கித் தருகிறேன்" என்று டீக்கடை அதிரச் சொன்னேன். மறுநாள் ஸ்டோர்காரர் நல்ல சரக்கிலிருந்து ஒரு துண்டுகூடத் தர மறுத்துவிட்டார். சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? கழித்துப் போட்ட குவியல் ஒன்று மூலையில் கிடந்தது. அச்சிலிருந்து எடுத்த லைனிங்கை ஆறு மணி நேரம் சூளையில் வேகவைக்க வேண்டும். அன்று இரண்டு மணி நேரத்திலேயே மின்சாரம் போய்விட்டது. அந்தச் சரக்கு முழுவதற்கும் மேற்பார்வையாளர் சிவப்புக் கோடு போட்டிருந்தார். உடைத்துத் தூளாக்க வேண்டியது.

அதில் எட்டுத் துண்டு எடுத்தேன். இரும்புத் தகட்டில் வைத்துத் தேய்த்துப் பார்த்தால் உடும்புப் பிடி. வேகாத பிசின் குளிர்ந்திருக்கும்போது அப்படித்தான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். சூடேறினால் உருகி வழுக்கும் என்பதும் தெரியும். தெரிந்தும், கொஞ்ச தூரம்தானே ஓட்டுகிறான் என்று சாணைச் சக்கரத்தில் சிவப்புக் கோட்டை அழித்துவிட்டு உன்னிடம் நீட்டினேன். நீ, "மாமான்னா மாமாதான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாய்.

காவல் நிலைய வளாகத்தில் நிற்கும் உன் லாரியைப் போய்ப் பார்த்தேன். சக்கர இடுக்கில் விரலை விட்டுத் தடவினேன். லைனிங் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. விரலில் கருகிய பிசின் நாற்றம். அந்த நீண்ட இறக்கத்தில் நீ மிதித்த மிதியெல்லாம் எனக்குக் காலில் வலித்தது. நீயோ கண் அசந்துவிட்டேன் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டாய். இரண்டு ராப்பகல் ஓட்டினாலும் இமை தட்டாதவன் நீ.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "நீங்க வாயத் தொறக்காதீங்க மாமா, உங்க வேலையும் போனா அம்மாவுக்கு யாரு இருக்கா?" என்று நீ சொன்னதை நான் மூன்று வாரம்தான் கேட்டேன். பிறகு வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் கக்கினேன். அவர் சிரித்தார். "பெரியவரே, போன மாசம்தான் விமானத்துக்கே பிரேக் செஞ்சு குடுத்தேன்னீங்க" என்றார். கழிவெல்லாம் தூளாக்கப்பட்டதாகப் பதிவேட்டில் இருக்கிறது என்று மேற்பார்வையாளர் கதவைச் சாத்தினார். உன் அம்மாகூட, "தம்பி, அவனக் காப்பாத்த இப்படி ஒரு கதை கட்டாதடா" என்று என் தலையைத் தடவினாள். ஆயுள் முழுக்க நான் விட்ட கதையை நம்பியவர்கள், உண்மையைச் சொன்னதும் கைவிட்டுவிட்டார்கள்.

சைக்கிளில் வந்து உன் லாரியில் அடிபட்டு இறந்துபோன அந்தத் தையல்காரர் வீட்டுக்கும் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். பின்னால் தையல் இயந்திரத்தின்மேல் பாதி தைத்த சட்டை அப்படியே கிடந்தது. யார் வேண்டும் என்று கேட்டார். என் வாழ்நாளில் எனக்குப் பேச்சு வராமல் போனது அந்த வாசலில்தான்.

ஒரு வழி இருக்கிறது. நான் தேய்த்தது மேல்பக்கம் மட்டும். லைனிங்கின் அடிப்பக்கத்தில் சரக்கு எண் அழுத்தியிருக்கும். ஆணிகளைக் கழற்றிப் பார்த்தால் எட்டிலும் அந்தக் கழித்துப் போட்ட சரக்கின் எண்ணே இருக்கும். ஆனால் பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டியவன் சொல்லாமல் கழற்றிப் பார்க்கச் சொல்லி நீதிபதியிடம் கேட்க முடியாது என்கிறார் வக்கீல். ஆகவே நீதான் சொல்ல வேண்டும். "மிதிச்சேன், பிடிக்கல. லைனிங் எங்க மாமா குடுத்தது." இவ்வளவுதான். அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே. மகன் வீடு வந்தால் அவள் தானே சாப்பிடுவாள்.

அதிகாரி ஐயா, நீங்கள் இதுவரை படித்திருந்தால் கடிதத்தை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகனே, நீ பிறந்த அன்று உன்னை முதலில் வாங்கியவை இந்தக் கைகள்தான். இதைக் கதை என்று நினைத்தால் உன் அம்மாவிடம் கேட்டுப் பார். நீண்ட ஆயுளோடும் நிறைந்த தூக்கத்தோடும் நீ இருக்க வேண்டும். என்னைப் பெரிய ஆளென்று நம்பினாயே, அந்த நம்பிக்கையை ஒரே ஒரு முறை எனக்குத் திருப்பிக் கொடு. என்னைக் காட்டிக்கொடு.

இப்படிக்கு,
எட்டுத் துண்டையும் பொறுக்கிக் கொடுத்த
உன் மாமன்