‘வீண் அழைப்பு’ என்று மூடப்பட்ட என் வலியை உள்ளே சென்று பார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஏணிப் பிரிவுத் தீயணைப்பாளர் (பெண்),
மத்தியத் தீயணைப்பு நிலையம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தீயணைப்புப் பணிகள் தலைமை அலுவலகம்.

பொருள்: துறை மருத்துவ அலுவலரின் முடிவை ரத்து செய்து, நுண்துளை அறுவை சிகிச்சைக்கு அனுமதி தரவும், அதுவரை என்னைத் தொலைபேசி அறைக்கு மாற்றாதிருக்கவும் வேண்டுதல்.

பார்வை: வீண் அழைப்புகள் குறித்துத் தாங்கள் பிறப்பித்த சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நிலையத்தில் என்னை ‘ஏணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். உயரமும் அப்படி, வேலையும் அப்படி. ஏணி வண்டியில் முதல் ஆளாக மேலே ஏறுகிறவள் நான். திங்கட்கிழமை கூடும் பணித்தகுதிக் குழு என்னை நிரந்தரமாகத் தொலைபேசி அறைக்கு அனுப்ப இருப்பதாக அறிகிறேன். அங்கே வேலை பார்ப்பவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் உட்கார்ந்து செய்யும் வேலை எனக்கு வராது ஐயா. என்னை அங்கே போடுவது எனக்கும் நல்லதில்லை, தொலைபேசிக்கும் நல்லதில்லை.

1. மெத்தைக் கிடங்கு தீப்பிடித்த அன்று, மூன்றாம் மாடி ஜன்னலில் சிக்கிய காவலாளியை இறக்கிக்கொண்டிருந்தேன். பாதி ஏணியில் அடிவயிற்றைக் குடைந்து எடுக்கும் வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவரைத் தரையில் சேர்த்த பிறகுதான் வண்டியின் படியில் மடங்கி உட்கார்ந்தேன். மாதவிலக்கு நாட்களில் இந்த வலி எனக்குப் பல வருடப் பழக்கம். அதுவரை நிலையத்தில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன், அன்று தெரிந்துவிட்டது. நிலைய அதிகாரி எனக்கு அண்ணன் மாதிரி. அக்கறையோடுதான் மருத்துவ அலுவலருக்கு எழுதினார். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

2. மருத்துவ அலுவலர் ரத்தத்தில் அழற்சிக்கான சோதனை செய்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. அறைக்கதவு திறந்து கிடந்தது, வெளியே பெஞ்சில் நம் ஓட்டுநர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி, “கல்யாணம் ஆயிடுச்சுல்ல? ஒரு குழந்தையைப் பெத்துக்கோம்மா, எல்லாம் சரியாயிடும்” என்றார். எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுதினால் இந்த மனுவின் மரியாதை கெட்டுவிடும். பிறகு என் கோப்பில், ‘வீண் அழைப்பு. வலி மனம் சார்ந்தது. மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று குறித்தார். நம்மோடு பல காலம் இருந்தவர் என்பதால், தீ இல்லாத இடத்துக்கு வந்த அழைப்பைப் பற்றி நாம் எழுதும் சொல் அவருக்கும் ஒட்டிக்கொண்டது போலும்.

3. நான் சும்மா இருக்கவில்லை. பொது மருத்துவமனையில் மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவின் மருத்துவரம்மாவிடம் காட்டினேன். என் கணவரும் கூட வந்தார். என்னைவிட அவர்தான் அதிகம் கேள்வி கேட்டார். இது பெரும்பாலும் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கும் என்றார் மருத்துவரம்மா. கருப்பையின் உள்பூச்சைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, இடுப்புக்குழிக்குள் ஆங்காங்கே ஒட்டி வளர்வதே இந்த நோய். மாதந்தோறும் அங்கேயும் ரத்தம் கசியும். அதைச் சுத்தம் செய்ய உடம்பின் காவல் அணுக்கள் கூட்டமாக வரும். வந்த வேலையை முடித்துவிட்டுப் போகாமல் அங்கேயே தங்கிவிடும். அவை விடும் ரசாயனச் செய்திகள் அந்தத் திசுவின் அணுக்களுக்குள் என்.எஃப். கப்பா பி என்ற சுவிட்சைப் போடும். அதைப் போட்டுவிட்டால் அழற்சியைக் கூட்டும் பொருட்கள் இன்னும் அதிகமாகச் சுரக்கும். அவற்றில் ஒன்றான புராஸ்டாகிளாண்டின்தான் வலியைக் கிளப்புகிறது. அதோடு விடுவதில்லை, அந்தத் திசுவே ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொள்ளவும் அது தூண்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் திசுவை வளர்க்கிறது, வளர்ந்த திசு அழற்சியைக் கூட்டுகிறது. புதிய நரம்பு இழைகளும் அங்கே முளைக்குமாம். கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், “அப்ப இது தானே எண்ணெய் ஊத்திக்கிற தீ” என்றார். பத்து வருடமாக எங்கள் வேலையைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவருக்கும் பாதிப் பயிற்சி ஆகிவிட்டது.

4. பிறகு ஏன் ரத்தத்தில் தெரியவில்லை என்று கேட்டேன். மருத்துவரம்மா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “நடக்கிறதெல்லாம் அடிவயித்துக்குள்ளம்மா. கையில எடுத்த ரத்தத்துல அது தெரியணும்னு அவசியமில்லை. சின்னத் திட்டா இருந்தா ஸ்கேன்லயும் சிக்காது. வயித்துல சின்னத் துளை போட்டு, உள்ள கேமரா விட்டுப் பார்த்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். இருந்தா அப்பவே எடுத்துடலாம்.” எடுத்த பிறகும் சிலருக்குத் திரும்ப வரலாம், மாத்திரை தொடர வேண்டியிருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். எனக்குச் சம்மதம். பரிந்துரையையும் எழுதிக் கொடுத்தார். நம் மருத்துவ அலுவலர் அதைப் படித்துவிட்டு, கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று திருப்பித் தந்தார்.

5. இப்போது தங்கள் சுற்றறிக்கைக்கு வருகிறேன். ஒரு பேக்கரியின் வாசலில் புகை இல்லை என்பதற்காக வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த குழுவைத் தாங்கள் மறுபடி அனுப்பி வைத்ததும், பின்கட்டில் சுவருக்குள் மின்கம்பி கனன்றுகொண்டிருந்ததும் பயிற்சியில் எங்கள் எல்லோருக்கும் சொல்லப்பட்ட கதை. அதற்குப் பிறகுதான் அந்த ஆணை வந்தது: ஒருவராவது உள்ளே போய்க் கண்ணால் பார்க்காமல் எந்த அழைப்பையும் வீண் என்று எழுதக் கூடாது. வாசலில் நின்று எழுதியவர்களுக்குத் தாங்கள் கொடுத்த திட்டு இன்றும் நிலையத்தில் பிரசித்தம். மருத்துவ அலுவலரும் நம் துறையின் ஊழியர்தான். அந்த ஆணை அவரையும் கட்டுப்படுத்தும் என்பதே என் பணிவான நிலைப்பாடு. அவர் என் வாசலோடு திரும்பிவிட்டார்.

ஆகவே, அந்தக் குறிப்பை நீக்கி, மருத்துவரம்மா பரிந்துரைத்த அறுவை சிகிச்சைக்கும் அதற்கான விடுப்புக்கும் அனுமதி தருமாறும், உடம்பு தேறிய பின் ஏணிப் பயிற்சியிலேயே என் தகுதியைச் சோதித்து முடிவெடுக்குமாறும் வேண்டுகிறேன். சலுகை எதுவும் கேட்கவில்லை. முழு உடுப்போடு, முழு எடையோடு ஏறிக் காட்டுகிறேன். நிச்சயம் ஏறுவேன்.

உள்ளே பார்த்து ஒன்றுமே இல்லை என்றால், ‘வீண் அழைப்பு’ என்று நானே என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் ஐயா. ஆனால் முதலில் யாராவது உள்ளே போக வேண்டும்.

நாள்: குழு கூடுவதற்கு முந்தைய வெள்ளி
இடம்: ஏணி வண்டிக் கொட்டகை

தங்கள் ஆணையை மீறாத,
(கையொப்பம்)
ஏணிப் பிரிவு, முதல் ஆள்