மூன்றே காலுக்கு நீ தட்டினாயா?

அக்கா,

ஆறு மணிக்கு எழுந்தேன். குளித்தேன். பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். துணி காயப்போட்டாயிற்று. சாவி ஜன்னல் கட்டையில். நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

நேற்று மதியம் மூன்றே காலுக்குப் பாப்பாவிடம் நீதான் இருந்தாய். அவளைத் தட்டிக்கொடுத்தாயா? நன்றாக யோசித்துச் சொல். தலையில் ஒட்டியிருக்கும் ஒயர்கள் மூளையின் அலைகளைப் பதிவு செய்கின்றன. அந்த நேரத்தில் நாற்பது விநாடி அலை ஒரே சீராக ஏறி இறங்கியிருக்கிறது. வலிப்பு வந்தாலும் அப்படித்தான் இருக்குமாம். பச்சைக் குழந்தைக்குக் கை கால் அசையாமலே வருமாம், வாய் மட்டும் அசையுமாம். நர்ஸ் சிரிக்கிறார். "உங்க அக்கா தட்டியிருப்பாங்க சார், தட்டினாலும் மெஷின் இப்படித்தான் கோடு போடும்" என்கிறார். பார்த்தாரா என்று கேட்டால் அடுத்த குழந்தையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

பதினொரு மணிக்கு ஒயர்களைக் கழற்றப் போகிறார்கள். நீ தட்டவில்லை என்றால் கழற்ற விடமாட்டேன். பத்துக்குள் போன் செய். என்னைச் சமாதானப்படுத்துவதற்காக "ஆமாடா, தட்டினேன்" என்று மட்டும் சொல்லிவிடாதே.

பி.கு. நேற்று உன்னிடம் கத்தியது தப்புதான். ஆனால் துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், என் பெண்டாட்டி "பாப்பாவைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள் என்று சொல்லாதே. பக்கத்தில் இருந்தவன் நான். பிள்ளை பெற்ற மறுநாள் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "இவ வாயைச் சப்புறது பசி மாதிரி தெரியலைங்க. ஒண்ணுமில்லம்பாங்க, நம்பாதீங்க. டாக்டரைக் கூப்பிடுங்க."