முகம் இல்லாத கிழவர்

இஞ்சேருங்கோ,

மூத்த பேரன் தனுஜன் எஞ்சினியர் ஆகிவிட்டான். துஷாந்தினி நீச்சலில் முதற்பரிசு. சினிமா படிக்கிற தர்சனாதான் வகுப்பில் முதலாவது. எல்லாம் நம் அம்மனின் கிருபை. உங்கள் முழங்கால் எப்படி? மடத்துவெளியில் மழை பெய்ததா? இங்கே பரிஸ் நகரில் மகள் வீட்டில் நான் இவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தர்சனா என்னைப் படத்துக்குக் கூட்டிப்போனாள். படம் என்றால் எனக்கு எவ்வளவு ஆசை என்று தெரியும்தானே. இதில் பாட்டும் இல்லை, கதையும் இல்லை. ஒரு கிழவர் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் நடக்கிறார். திரும்பினால் முகமே இல்லை, முட்டைக்கோதுபோல வழுவழு என்று. நான் கத்திவிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ அம்மம்மா, அது கனவு மாதிரி எடுத்த படம்."

"கனவெண்டால் முழிச்சால் போகவேணுமேடி!"

இருவரும் சிரித்தோம்.

ஆனால் அது போகவில்லை. உங்களை நினைத்தால் வேட்டி தெரிகிறது, தோளில் துவாய் தெரிகிறது, முகம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. போனில் பார்த்தாலும் தீவுச் சிக்னலுக்கு உங்கள் முகம் உடைந்து உடைந்து அழிகிறது. என்னிடம் இருக்கும் எங்கள் கலியாணப் படத்தில் நிற்பவர் யாரோ ஒரு இளம் பெடியன். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் அவர்களிடம் மிளகாய்த்தூளும் பனை ஒடியல்மாவும் கொடுத்துவிடுங்கோ. அதைவிட முக்கியம், புதிதாக ஒரு படம். ஸ்ரூடியோவில் பொத்தான் பூட்டி எடுக்கவேண்டாம், அது செத்தவீட்டு நோட்டீசுக்கு எடுக்கிற படம். கதிரையில் இருக்கவேண்டாம். கடல் தெரியவேண்டாம். கிணற்றடியில் நின்று பல்லுத் தெரியச் சிரியுங்கோ. போனில் வேண்டாம், தலையணைக்குக் கீழே வைக்கவேணும். கடதாசியில் எடுத்துக் கெதியாகத் தபாலில் போடுங்கோ.

உங்கள் அன்னபூரணம்