அவள் பேசிய வரிகள்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் நலம். இந்தக் கடிதத்தை வேண்டுமென்றுதான் வீட்டுக்கு அனுப்பாமல் உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன்.

உன் அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்று என் வாசிப்புக் கருவியைப் பிடுங்கிக்கொண்டாள். பி.டி.எஃப். கோப்பை மின்னூலாக மாற்றுவதில் நான் பெரிய புலி என்று உனக்குத் தெரியும். நான்தானே ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். நாலு வருஷத்துக்கு முன் நீ எழுதி அனுப்பிய நாவலைக் கேட்டாள். அன்று மாற்றி வைத்ததையே கொடுத்தேன். இரண்டு நாளில், "என்னங்க இது, புருஷன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவ பதிலே சொல்லலையே. எதையோ விட்டுட்டீங்க" என்றாள்.

முறைத்துக்கொண்டே நீ அனுப்பிய கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். அந்த மனைவி பேசுவதையும் நினைப்பதையும் நீ வேறொரு எழுத்துருவில் அடித்திருக்கிறாய். மாற்றும்போது அதெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. ஏதோ அலங்காரம் என்று நினைத்து, மொத்தமாகத் துடைத்தவன் நான்தான்.

அந்த அரைகுறையைப் படித்துவிட்டு உனக்கு போன் செய்து, "புருஷன் பாத்திரம் பிரமாதம். பொண்டாட்டிதான் வாயே திறக்காத பொம்மை. உனக்கு எழுத்து சரிப்படாதும்மா" என்றேன். நீ "சரிண்ணா" என்றாய். அதன்பிறகு நீ எழுதவும் இல்லை, என்னிடம் மனம்விட்டுப் பேசவும் இல்லை. உருப்படியாகப் புத்தி சொன்னோம் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது முழுதாகப் படித்தேன். எல்லாம் நான் துடைத்த அவள் வரிகளில்தான் இருக்கிறது. அவன் விருந்தாளிகள் முன்னால் சிரிப்பது, கதவைச் சாத்தியதும் கையை ஓங்குவது, அவள் போனை வாங்கிச் சோதிப்பது. திருகு உடைந்து கயிறு கட்டிய சமையலறைக் குழாய்கூட இருக்கிறது. அதை உங்கள் வீட்டில் நானே பார்த்திருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் சொல்கிறாள்: "அண்ணன் இதைப் படிச்சாப் போதும். படிச்சா வந்துடுவார்."

நான் படித்தேனம்மா. படித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவும் வாய் கூசுகிறது.

அண்ணி முன்னறையை ஒழித்து உனக்குக் கட்டில் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு இந்த முறை என் விசாரிப்பைச் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை ரயில் ஏறுகிறேன். வெள்ளிக்கிழமை நீ வேலைக்கு வரும்போது வாசலில் நிற்பேன். கூட வந்தால் அழைத்துக்கொண்டு வருகிறேன். வரமாட்டேன் என்றால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பாய். அதைச் சொல். எவ்வளவு நேரமானாலும் நின்று கேட்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லாத,
உன் அண்ணன்