டிவிக்குள் நடந்து வந்த மாப்பிள்ளைக்கு

என் ஆசை மாப்பிள்ளை செல்வராஜுக்கு,

போன இடத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏதாவது குறை இருந்தால் சொல்லி அனுப்புங்கள். அங்கேயும் எனக்கு ஆள் இருக்கிறது.

என் ஆயுசில் இரண்டு தடவை நெஞ்சு நின்று ஓடியிருக்கிறது, மாப்பிள்ளை. முதல் தடவை, நீங்கள் கட்டிங் டேபிள் மேலேயே சாய்ந்துவிட்டீர்கள் என்று கம்பெனியிலிருந்து போன் வந்த அன்று. காலையில்தானே பேக்கரியில் ஒன்றாக டீ குடித்தோம்? துணி வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத கதையைப் பாதிதான் சொல்லியிருந்தேன். “மீதிய சாயங்காலம் கேக்கறனுங்க மச்சான்” என்று எழுந்து போனீர்கள். அதனால் போன் செய்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மீதிக் கதை பாக்கி இருக்கும்போது ஒரு மனுஷன் எப்படிப் போவான்?

இரண்டாவது தடவை போன வாரம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைப் படிக்கிற மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்: எனக்கு பனியன் வேஸ்ட் வியாபாரம், கம்பெனிகள் வெட்டிக் கழிக்கிற துண்டுத் துணி. திருப்பூரில் நான் கை வைக்காத வேஸ்ட் மூட்டை கிடையாது. மாப்பிள்ளை என் தங்கை வசந்தியின் வீட்டுக்காரர். அவர் கத்தரித்த துணி சீமையில் எத்தனையோ ராஜா வீட்டுப் பிள்ளைகள் முதுகில் இருக்கிறது. நான் பார்த்ததில்லை, ஆனால் இருக்கிறது.

நீங்கள் போன பிறகு ஒரு பையர் ஆபீஸைக் காலி செய்தார்கள். அந்த வேஸ்ட் மூட்டைகளோடு ஒரு அட்டைப்பெட்டியும் என்னிடம் வந்து சேர்ந்தது. உள்ளே, டிவியில் மாட்டி விளையாடுகிற பழைய கேம் பெட்டி. நேராக ஜப்பானிலிருந்து என் பெயருக்கு விமானத்தில் வந்தது என்றுதான் நம் ஊர் மண்ணரை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் யாரிடமும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகள் கௌசல்யாவுக்காக அதைக் கொண்டுபோய் உங்கள் வீட்டு இலவச டிவியில் மாட்டினேன். காரியம் முடிந்ததிலிருந்து அவள் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. பெட்டியோடு இருந்தது ஒரே ஒரு கேசட். கார் ஓட்டுவது, துப்பாக்கி சுடுவது எதுவும் அதில் இல்லை. குழந்தைகள் தாங்களே கார்ட்டூன் படம் செய்து பார்க்கிற கேசட்டாம்! வெள்ளைத் தாள் மாதிரி ஒன்று டிவியில் விரியும். பட்டனை அமுக்கி அமுக்கி அதில் ஒரு ஆளை வரைய வேண்டும். அடுத்த தாளில் அதே ஆள், கால் மட்டும் ஒரு துளி தள்ளி. இப்படி வரைந்துகொண்டே போய் ஓடவிட்டால், ஆள் நடக்கிறான் மாப்பிள்ளை, நடக்கிறான்! இங்கிலீஷில் வந்ததையெல்லாம் நான்தான் படித்துச் சொன்னேன். ஸ்டார்ட் என்றால் ஆரம்பம். மற்றதைக் கௌசி பார்த்துக்கொண்டாள்.

போன வாரம் பழம் வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். கௌசி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். டிவியில் நீங்கள் வருகிறீர்கள்.

பொய்யில்லை. கேசட்டிலேயே தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருத்தன் உண்டு. அவன் தொப்பியைப் புள்ளி புள்ளியாக அழித்துவிட்டு, காதில் பென்சில் செருகி, கழுத்தில் டேப் போட்டு, இடது தோளைத் தூக்கித் தூக்கி நடக்க வைத்திருக்கிறாள். அந்தத் தோள் இந்த உலகத்தில் வேறு யாருக்கு உண்டு? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மாப்ளே!” என்று டிவியைப் பார்த்துக் கத்திவிட்டேன். பழமெல்லாம் கட்டிலுக்கடியில் உருண்டு போயின.

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசல் வரை வந்தீர்கள், செருப்பைக் கழற்றினீர்கள். அவ்வளவுதான், மறுபடியும் தெருக்கோடியில் நின்றீர்கள். மறுபடி வந்தீர்கள், மறுபடி செருப்பு, மறுபடி தெருக்கோடி.

“ஏங்கண்ணு, அப்பன் உள்ள வரமாட்டீங்கறாரு?”

“உள்ள வந்து என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க மாமா.”

“தெரியாதா? உன்ற அப்பன் சாமி!”

“ஞாயித்துக்கிழம கறி வாங்கப் போறப்ப பின்னாலயே போவேன். அதனால நடக்கறது தெரியும். கறியக் குடுத்துட்டு மறுக்காக் கம்பெனிக்குப் போயிருவாங்க. ஷிப்மெண்ட்டு ஷிப்மெண்ட்டுன்னு நான் தூங்குனதுக்கப்புறந்தான் ஊட்டுக்கு வருவாங்க. நான் பள்ளிக்கூடம் போறப்ப அவங்க தூங்குவாங்க.” பட்டனை அமுக்கிக்கொண்டே சொன்னாள்: “அப்பா என்னையப் பாத்ததே இல்லீங்க மாமா.”

வேலைக்கு ஓடி ஓடி உழைத்த மனுஷனைப் பற்றிப் பெற்ற பிள்ளை சொல்கிற சொல்லா இது? உடனே ஒரு கதையை எடுத்துவிட்டேன்.

“யாரு சொன்னது? உங்கப்பன் ஒரே தாவுல நடுவூட்டுல வந்து குதிப்பாரு. மூணு குட்டிக்கரணம். அப்புறம் கரண்டிய மேல வீசி வாயில புடிப்பாரு, உனக்குன்னே!”

“கரண்டி எதுக்குங்க மாமா?”

“கேள்வி கேக்காத கண்ணு. வரை.”

அன்று ஞாயிறு, பொழுது முழுக்க வரைந்தாள். என்ன ஒரு கைத்திறமை! அது என் பக்கத்து ரத்தம். நீங்கள் பந்து மாதிரி உருண்டீர்கள், கரண்டி பறந்தது. கேசட்டில் இனி இடமில்லை என்று ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும்வரை உங்களை ஆடவிட்டோம். கௌசி சிரித்துவிட்டாள், மாப்பிள்ளை. அத்தனை நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து வசந்தி, கம்பெனியில் தைத்த துணிக்குக் குறை பார்க்கிற செக்கிங் வேலை ஞாயிறும் இருந்ததால், அதை முடித்துவிட்டு உள்ளே வந்தாள். டிபன் பை தோளிலேயே இருக்க, டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணா, அது அவருங்களா?”

“பின்ன? அந்தத் தோளப் பாரு புள்ள!”

“நின்னு நின்னு முட்டி போயி, பாயில உக்காரவே செவுத்தப் புடிக்கிற மனுசனுங்கண்ணா அவரு. கேக்கறதுக்கு ஆளில்லைன்னு இப்புடி ஆட வெப்பீங்களா?”

வசந்தி என்னை எதிர்த்து ஒரு சொல் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? நான் கேட்டதே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கௌசி குட்டிக்கரணத்தை ஒவ்வொரு தாளாக அழித்தாள். கடைசித் தாளில் நீங்கள் செருப்போடு வாசலில் நின்றீர்கள்.

“அப்ப என்னதாம்மா செய்வாங்க?” என்று கேட்டாள்.

வசந்தி பையைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தாள். “சட்டைய வெளியவே உதறுவாரு. பஞ்சு பட்டா உனக்கு மூச்சு இழுக்குமில்ல? குளிக்காம உன்ற கிட்ட வரமாட்டாரு. ஃபேன ஒண்ணு கொறைப்பாரு. அப்புறம் தட்ட வாங்கிட்டு அந்தச் செவுத்தோரம் உக்காந்து உன்னையப் பாத்துக்கிட்டே சாப்புடுவாரு.”

“என்னையவா?”

“வேற ஆர? ‘இன்னைக்கி என்னம்மா சொன்னா?’ன்னு கேப்பாரு. அன்னன்னைக்கி நீ பேசுனதையெல்லாம் நான் சொல்லோணும். நீ முழிச்சுக்குவியேன்னு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாரு.”

கௌசியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளை. யாரோ பிடித்து உலுக்கியது மாதிரி இருந்தாள். “எல்லாத்தையுமா சொல்லீட்ட?”

“ஒண்ணு விடாம.”

“மாமா அளக்கறாருன்னு சொன்னது?”

“அதுக்குத்தான் ரொம்பச் சிரிச்சாரு.”

எனக்கு அங்கே எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து “அப்புடீங்களா மச்சான்” என்று கேட்டுக்கொண்டீர்களே! எந்தக் கதைக்கு அதிகம் சிரித்தீர்கள்? பையர் அழுததற்கா? அவர் நிஜமாகவே அழுதார், மாப்பிள்ளை. கொஞ்சமாவது அழுதார்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. வசந்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடம் விட்டு வந்து வந்து கௌசி வரைந்தாள். நேற்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படத்தை ஓடவிட்டாள்.

வந்தீர்கள். செருப்பைக் கழற்றினீர்கள், சட்டையை உதறினீர்கள், குளித்தீர்கள். இந்தத் தடவை வாசலைத் தாண்டி உள்ளே வந்தீர்கள். ஃபேன் மெதுவாயிற்று. சுவரைப் பிடித்து உட்கார்ந்தீர்கள், முட்டி வலியோடு. தட்டு வந்தது. தோள் குலுங்கிச் சிரித்தீர்கள். எதிரே பாயில் ஒரு சின்ன உருவம் தூங்கிக்கொண்டிருந்தது, ரெட்டைச் சடையோடு.

அப்போது பாயில் இருந்த பிள்ளை கண்ணைத் திறந்தது. டிவிக்குள்ளே நீங்கள் திடுக்கிட்டீர்கள். டிவிக்கு வெளியே நானும். எடுத்த கவளம் உங்கள் கையிலேயே நிற்க, நீங்களும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி படம் நின்றது.

“நீ ஒரு நாளும் முழிச்சதில்லையே கண்ணு” என்றாள் வசந்தி.

“இதுல முழிச்சுட்டேன்.”

அடுத்து என்ன வருமோ என்று நான் பயந்தேன். வசந்தி டிவிக்குப் பக்கத்தில் போய் உங்களை உற்றுப் பார்த்தாள். அது அவரில்லை என்று சொல்லவில்லை.

“சாப்புடச் சொல்லு சாமி, சோறு ஆறீரும்.”

“இன்னும் கொஞ்சம் இடம் இருக்குதும்மா” என்று கௌசி பட்டனில் விரலை வைத்தாள்.

மாப்பிள்ளை, என் தொழில் மேல் ஆணையாகச் சொல்கிறேன். கௌசி உங்களைப் பற்றிக் கேட்டால் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வேன். பார்க்காததை வசந்தியிடம் கேட்கச் சொல்வேன். மீதியை அவளே வரைந்துகொள்ளட்டும், குறுக்கே போகமாட்டேன். என்னைப் பற்றி மட்டும் என் இஷ்டத்துக்கு அளந்துகொள்கிறேன். நீங்கள் அங்கே வாயைப் பொத்தாமல் சிரித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சானும், கௌசல்யாவுக்குத் தாய்மாமனுமான
பழனிச்சாமி, மண்ணரை