சேவலுக்குக் காவல் வைத்த வாத்துகள்

கூப்பிட்ட குரலுக்கு அடுப்படியிலிருந்தே "இன்னாடி" என்று கேட்கும் என் அத்தைக்கு,

அங்கே நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். இங்கே எனக்குத்தான் அது இல்லை. ஒன்பதாம் மாதம் நடக்கிறது. நாளைக் காலை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். துணிப்பை கட்டியாகிவிட்டது. போவதற்குள் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். நீங்கள் முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட செவலைச் சேவல் நொண்டியாகிவிட்டது. என்னால்தான்.

உடனே திட்டாதீர்கள். முழுக்கக் கேளுங்கள்.

இரண்டு முறை என் வயிற்றில் தங்காமல் போனபோது ஊர் என்னை ஒரு மாதிரி பார்த்தது. நீங்கள் மட்டும் வாயைத் திறக்காமல், ஒரு காலைத் தாங்கித் தாங்கி எல்லைக் கோயில் வரைக்கும் நடந்து போனீர்கள். திரும்பி வந்ததும், கொண்டை முளைக்கத் தொடங்கியிருந்த குஞ்சுகளில் சிவப்பாக நின்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "இது முனியப்பனோடது. எவனும் தொடக் கூடாது. எம்புள்ள வூட்ல தொட்டில் கட்டட்டும், நானே கொண்டுபோய் குடுக்கறேன்" என்றீர்கள். கொடுக்கத்தான் நீங்கள் உயிரோடு இல்லை. அதை அறுப்பதா, கோயிலில் உயிரோடு விடுவதா என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டீர்களே, அத்தை? அதைக்கூடவா மருமகளிடம் சொல்லக் கூடாது?

பின்பக்கத்துக் கொல்லையில் கரும்பு வெட்டு ஆரம்பித்தது. ஒளிய இடமில்லாமல் போன கீரியெல்லாம் நம் வீட்டுப் பக்கம் வந்தது. உங்கள் புள்ளிக்கோழி போனது, பின்னாலேயே அடைக்கோழியும் போனது. அடுத்தது செவலைதான் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் பிள்ளையோ டிராக்டரோடு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கிடக்கிறார். எதிர்வீட்டுப் பச்சையம்மா அக்காதான் வழி சொன்னது.

"ஒரு ஜோடி கூஸ் வாத்து வாங்கி வுடு. நாயாவது அசந்துடும், அது அசராது. கீரி, பாம்பு எது வந்தாலும் கத்தி ஊரக் கூட்டிடும்."

உங்கள் பிள்ளை தியாகதுருகத்துப் பக்கம் யாரிடமோ கேட்டு வாங்கி, சாக்கில் கட்டி, இரண்டு வெள்ளைக் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்க டிராக்டரில் கொண்டுவந்தார். நம் வீட்டில் யார் அதை வளர்த்தது? வாத்து என்றால் பெரிய கோழி என்றுதான் நான் நினைத்திருந்தேன். வந்ததும் வராததுமாகக் கோழித் தண்ணீர்த் தொட்டியில் தலையை முக்கி முக்கி அதைச் சேறாக்கிவிட்டன. நான் கிட்டே போனால் ஆண் வாத்து கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு ஓடிவந்தது. நிறைமாதக்காரி என்றுகூடப் பார்க்கவில்லை, படுபாவி.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். காவலுக்கு வந்தது காக்க வேண்டியதன் பக்கத்தில்தானே இருக்க வேண்டும் என்று நினைத்து, பொழுது சாயும் நேரத்தில் செவலையோடு ஒரே கூண்டில் அடைத்துவிட்டேன். புது இடம், புது ஆள், அதுகளுக்கு வெறி. காலையில் திறந்தால் செவலை மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. கொண்டை கிழிந்திருந்தது, இடது கால் ஊன்றவில்லை. மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் போட்டேன். கொண்டை ஆறியது. கால் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பச்சையம்மா அக்கா மாரில் அடித்துக்கொண்டது. "அய்யய்யோ, ஊனமான சேவலையா சாமிக்குக் குடுப்ப? நேந்தது நேந்தபடி இருக்கணும்டி!" என் வயிற்றைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டது. சொன்னது சொன்னதுதானே?

அன்றைக்கு மதியம் வரை வயிற்றில் பிள்ளை அசையவே இல்லை, அத்தை. தண்ணீர் குடித்தேன், ஒருக்களித்துப் படுத்தேன், முனியப்பா முனியப்பா என்று புலம்பினேன். ஒரு வழியாக விலாவில் ஒரு உதை விழுந்தது. அதற்கப்புறம் உட்கார்ந்து அழுதேன் பாருங்கள், அவ்வளவு அழுகை. ஆனாலும் அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. பிள்ளை கொஞ்சம் தூங்கினால்கூட எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

வாத்துகளைத் தனியாக அடைத்தேன். நாலு நாள் பார்த்துவிட்டுப் பகலில் மட்டும் ஒன்றாக விட்டேன். சீறல் குறைந்தது. செவலையும் ரோஷமில்லாமல் அதுகளின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது. நேற்றுப் பட்டப்பகலில் வேலிப்பக்கம் ஒரே கூச்சல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கீரி வேலிக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தது. கோழியெல்லாம் பறந்துவிட்டது, செவலையால் ஓட முடியவில்லை. அதற்கு முன்னால் இரண்டு வாத்தும் இறக்கையை விரித்து நின்றுகொண்டு கத்தின. கீரி வந்த வழியே போனது. கடித்ததும் அதுகள்தான், காத்ததும் அதுகள்தான். இதை நான் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்வதா, கெட்ட சகுனம் என்றா?

சாயங்காலம் உங்கள் பிள்ளை வந்ததும் மனதில் இருந்த பயத்தையெல்லாம் கொட்டினேன். ஊனமான சேவலைக் கொடுத்தால் சாமி பிள்ளையை என்ன செய்யுமோ என்று கேட்டேன். அவர் கால் கழுவிக்கொண்டே இருந்தார்.

"எங்கம்மா எப்பிடி நடந்துபோய் நேந்துக்கினு வந்துச்சு?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஒரு காலத் தாங்கிக்கினுதான போச்சு? ஊனமானவ நீ வராதன்னு சாமி இன்னா திருப்பி அனுப்சிச்சா?"

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நீங்கள் போன அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

நாளைக்கு நான் கிளம்பினால் பச்சையம்மா அக்காதான் எல்லாவற்றுக்கும் தீனி போடும். கையில் ஒரு கழியோடு தயாராகத்தான் இருக்கிறது. எனக்குப் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் முடிவு செய்துவிட்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து தொட்டில் கட்டியதும் அதை ஒரு கையிலும் செவலையை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு எல்லைக் கோயிலுக்குப் போவேன். அறுக்க மாட்டேன், உயிரோடுதான் விடுவேன். உங்கள் நடை நடக்கிற ஒன்றை என்னால் அறுக்க முடியாது, அத்தை. முனியப்பன் கோபித்துக்கொண்டால் நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், பேசிக்கொள்ளுங்கள்.

உங்கள் பயந்தாங்கொள்ளி மருமகள்