கறுப்பு வயரும் சிவப்பு வயரும்

இன்று காலை லேபில் ஜெல்லுக்காகக் காய்ச்சிய அகரோஸ் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. கடல்பாசி தீய்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான். "பாலும் சீனியும் போட்டா இது எங்க வீட்டு நோன்புப் பலகாரம்டி" என்று முதல் வருஷம் பயோடெக்னாலஜி வகுப்பில் சொல்லிச் சிரித்தவள் நீ.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மணமேல்குடி தாண்டி உன் ஊருக்கு பஸ்ஸில் வந்து, பெண்களோடு பெண்ணாக நின்றேன். சொல்ல வேண்டியதை அன்றும் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் வருஷ பிராக்டிகல் பரீட்சை. நம் இருவருக்கும் ஒரே ஜெல் பெட்டி, உறைந்த அகரோஸைத் தண்ணீரில் மூழ்கவைத்துக் கரண்ட் விடுவது. டி.என்.ஏ. சாம்பிளை நீலச் சாயத்தில் கலந்து ஜெல்லின் ஓரத்துக் குழிகளில் நீ விட்டாய். உன் கை நடுங்காது. வயர் மாட்டுவது என் வேலை. குழி இருக்கும் பக்கம் கறுப்பு, எதிர்ப்பக்கம் சிவப்பு. கரண்ட் விட்டதும் நீலம் சிவப்பை நோக்கி நகர வேண்டும். முந்தின நாள் முழுக்க ஒப்பித்துவிட்டு வந்தும் நான் மாற்றி மாட்டினேன்.

அந்தப் பரீட்சை போனால் உனக்கு என்ன போகும் என்பது எனக்குத் தெரியும். "ஒரு அரியர் விழுந்தாலும் படிச்சது போதும்" என்று சவுதியிலிருந்து உன் அத்தா போனில் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் காத்துக்கொண்டிருந்தார்கள்.

நீதான் குனிந்து பார்த்தாய். நீலக்கோடு தப்பான பக்கம் நகர்ந்து, ஜெல்லின் விளிம்புக்கு நூலளவு தூரத்தில் இருந்தது. அதைத் தாண்டினால் பெட்டித் தண்ணீரில் கரைந்துவிடும், இரண்டு பேருக்கும் ஒன்றும் மிஞ்சாது. நீ சுவிட்சை அணைத்து, மூடியைத் திறந்து, வயரை மாற்றினாய்.

"பேசாம நில்லு. திரும்பி வரும். வயரப் பாக்காத, நீலத்தப் பாரு."

வந்தது. குழியைத் தாண்டி முன்னே நகரவும் ஆரம்பித்தது. நான் மூச்சு விடுவதற்குள், பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த சார் பின்னால் நின்றார்.

"யாரு வயர மாட்டினது?"

நான் வாயைத் திறக்கவில்லை. "நான்தான் சார்" என்றாய். அவர் உன் பேப்பரின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

பஸ் ஸ்டாண்டில் உன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நீ அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஒனக்கு இன்டர்னல் மார்க் கம்மி. எனக்கு நெறைய இருக்கு, தாங்கிரும்டி." பிராக்டிகலில் தனியாகப் பாஸ் ஆக வேண்டும் என்பதை நீ யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். அந்த நிமிடமே சாரிடம் ஓடியிருக்கலாம். ஓடாமல் பஸ் ஏறினேன். நான் கோழை, வேறொன்றும் இல்லை.

ரிசல்ட் வந்தது. இரண்டாம் வருஷ வகுப்பில் என் பக்கத்து இடம் காலி. உன் நிக்காஹ்வுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டேன். அப்புறம் போன் பேசும்போதெல்லாம், "இப்பவாவது வயர ஒழுங்கா மாட்டுறியா?" என்று கேட்பாய். நானும் கூடச் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன்.

இப்போது அதே பாடத்தை நான் சொல்லிக்கொடுக்கிறேன். இன்று வழிந்ததைத் துடைத்து, புதிதாகக் காய்ச்சி, ஜெல் ஊற்றி ஓடவிட்டோம். ஒரு பெட்டியில் நீலம் பின்பக்கம் போனது. அதற்குரிய இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். யார் மாட்டியது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. சுவிட்சை அணைத்து வயரை மாற்றினேன்.

"வயரப் பாக்காதீங்க, நீலத்தப் பாருங்க. இது என் ஃபிரண்ட் சொல்லிக் குடுத்தது. பரீட்சையில தப்பா மாட்டுனது நான். பழிய ஏத்துக்கிட்டது அவ. அதோட அவ படிப்பு நின்னு போச்சு."

உன்னைத் தெரியாத இருபது பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். "என்னாலதான் உன் படிப்பு நின்னுச்சு" என்று உன்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.